திரும்பத் திரும்பக் குடித்துவிட்டு வண்டி ஓட்டுகிறவருக்கு... ஜெயிலா? சிகிச்சையா?

காலை ஏழு மணி. நம் ஊர் பால் பூத் வாசலில் நிற்கிற மாதிரி ஒரு க்யூ. டை கட்டிய ஆபீஸர் ஒருவர், பூட்ஸில் சிமெண்ட் காய்ந்துபோன கட்டட வேலைக்காரர், தலை வாரக்கூட நேரமில்லாமல் ஓடி வந்த ஓர் இளம்பெண்... ஒவ்வொருவராக வந்து, போலீஸ்காரர் நீட்டுகிற கருவியின் குழாயில் 'உஃப்' என்று ஊதுகிறார்கள். மூச்சில் மது இல்லையென்றால் வேலைக்குப் போகலாம். சாயங்காலம் ஏழு மணிக்கு மறுபடி வந்து ஊத வேண்டும். நாளைக்கும் இதே கதைதான். ஞாயிற்றுக்கிழமை லீவு கிடையாது. கிறிஸ்துமஸ் அன்றுகூடக் கிடையாது!

ஊதும்போது மது தெரிந்துவிட்டால்? வாய்தா, ஜாமீன் என்று இழுத்தடிப்பதே இல்லை. அங்கேயே பிடித்து உள்ளே வைத்துவிடுகிறார்கள். வருஷக்கணக்கில் அல்ல, ஒரு நாள், மிஞ்சிப்போனால் இரண்டு நாள். வெளியே வந்ததும் மறுபடியும் ஏழு மணி க்யூ.

இது நடப்பது அமெரிக்காவில், சவுத் டகோட்டா என்ற மாநிலத்தில். லாரி லாங் என்பவர் அங்கே அட்டர்னி ஜெனரலாக, அதாவது மாநில அரசின் தலைமை வக்கீலாக இருந்தபோது, 2005-ல் தொடங்கிய திட்டம். 1980-களில் ஒரு சின்ன கவுண்டியில் அரசு வக்கீலாக இருந்தபோதே இதைச் சிறிய அளவில் செய்து பார்த்தவர் அவர். பெயர் '24/7 சோப்ரைட்டி'. நாள் முழுக்க, வாரம் முழுக்க நிதானம் என்று வைத்துக்கொள்ளுங்களேன். முதலில் இதில் சேர்க்கப்பட்டவர்கள் குடித்துவிட்டுக் கார் ஓட்டி, ஒரு தடவைக்கு மேல் மாட்டிக்கொண்டவர்கள்.

"நல்ல கூத்தா இருக்கே! குடிச்சிட்டு ஓட்டினவனைப் பிடிச்சு உள்ளே தள்ளாம, தினம் ரெண்டு தடவை ஊதச் சொல்லிக் கொஞ்சிக்கிட்டு இருக்காங்களா?" என்று உங்களுக்குத் தோன்றலாம். தோன்றுவதில் தப்பில்லை. ராத்திரி டியூஷன் முடிந்து உங்கள் மகள் ஸ்கூட்டியில் திரும்பும்போது, எதிரே தள்ளாடி வருகிற காரை நினைத்தால் யாருக்குமே கோபம்தான் வரும்.

ஆனால் அந்தக் காரை ஓட்டி வருபவர் உங்கள் வீட்டு மனிதராகவே இருந்தால்? அண்ணன், மச்சினர், ஏன், உங்கள் கணவராகவே இருந்தால்? "ஒரு தடவை ஜெயிலுக்குப் போயிட்டு வந்தாத்தான் புத்தி வரும்" என்று எத்தனை வீடுகளில் எரிச்சலோடு சொல்லக் கேட்டிருக்கிறோம்! உண்மையிலேயே வருமா என்பதுதான் இந்தக் கட்டுரையின் விஷயம்.

முதல் தடவையும் மூன்றாவது தடவையும்

முதலில் ஒன்றைப் பிரித்துப் பார்த்துவிடலாம். கல்யாண ரிசப்ஷனில் இரண்டு பெக் போட்டுவிட்டு, 'பக்கத்துலதானே வீடு' என்று வண்டியை எடுத்து மாட்டிக்கொள்கிறவர் ஒரு ரகம். அபராதம் கட்டுகிறார், நாலு பேருக்கு முன்னால் தலைகுனிகிறார், ஜென்மத்துக்கும் மறக்க மாட்டார். இவருக்கு டிரீட்மென்ட் எதுவும் தேவையில்லை. பிடிபடுகிறவர்களில் நிறையப் பேர் இந்த ரகம்தான்.

அமெரிக்காவில் இப்படிப் பிடிபடுகிறவர்களில் ஏறக்குறைய நாலில் ஒருவர் பழைய ஆள், அதாவது ஏற்கெனவே இதே குற்றத்துக்குத் தண்டனை வாங்கியவர். பணம் போயிற்று, லைசென்ஸ் போயிற்று, மாமனார் வீட்டில் மானமும் போயிற்று. அப்புறமும் அதையே செய்கிறார் என்றால்? 'திமிர்' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடலாம். சிலர் விஷயத்தில் அது திமிரேதான். ஆனால் பலருக்கு அது வியாதி. டாக்டர்கள் அதைக் 'குடிநோய்' என்கிறார்கள்.

"எங்க வீட்டுக்காரர் எவ்வளவு போட்டாலும் ஸ்டெடியா இருப்பார், யாராலும் கண்டுபிடிக்கவே முடியாது" என்று சிலர் கொஞ்சம் பெருமையாகவே சொல்வார்கள். அம்மா, அது பெருமை இல்லை! குடிநோயின் ஆரம்ப அடையாளங்களில் முக்கியமானதே அதுதான். இரண்டு பெக்கில் கிடைத்த மயக்கம் ஆறு பெக் போட்டால்தான் கிடைக்கிறது என்றால், மூளை மதுவுக்குத் தகுந்த மாதிரி தன்னை மாற்றிக்கொண்டுவிட்டது என்று அர்த்தம்.

எப்படி மாற்றிக்கொள்கிறது? மூளையைக் காராகவே நினைத்துக்கொள்ளுங்கள். அதில் பிரேக் மாதிரி வேலை செய்யும் ரசாயனம் ஒன்று உண்டு, பெயர் காபா. ஆக்ஸிலேட்டர் மாதிரி வேலை செய்வது குளூட்டமேட். மது உள்ளே போனதும் பிரேக்கை அழுத்துகிறது, ஆக்ஸிலேட்டரைத் தணிக்கிறது. அதனால்தான் உடம்பு தளர்கிறது, பேச்சு குழறுகிறது. தினம் தினம் யாரோ பிரேக்கை அழுத்திக்கொண்டே இருந்தால் மூளை சும்மா இருக்குமா? ஈடுகட்ட ஆக்ஸிலேட்டரைக் கூட்டிக்கொண்டே போகிறது. வருஷக்கணக்கில் குடித்தவர் ஒரு நாள் திடீரென்று நிறுத்தினால், பிரேக்கின் மேல் இருந்த கால் சட்டென்று எடுபட்டுவிடுகிறது. ஆக்ஸிலேட்டரோ முழுசாக அழுந்தியபடியே கிடக்கிறது!

கடைசி கிளாஸ் முடிந்து ஆறேழு மணி நேரத்தில் கை நடுங்க ஆரம்பிக்கும். வியர்த்துக் கொட்டும், தூக்கம் வராது. முதல் இரண்டு நாட்களுக்குள் சிலருக்கு வலிப்பு வந்துவிடும். இரண்டாவது நாளிலிருந்து நாலாவது நாளுக்குள் சிலருக்குப் புத்தி தடுமாறி, சுவரில் பூச்சி ஊர்வது போலவும், யாரோ கூப்பிடுவது போலவும் தோன்றும். இதற்கு 'டெலிரியம் ட்ரெமன்ஸ்' என்று பெயர். கவனிக்காமல் விட்டால் உயிரே போகலாம்.

இந்த நாலு நாளை அவர் எங்கே கழிக்கிறார் என்பது முக்கியமா, இல்லையா? ஆஸ்பத்திரியில் என்றால் நரம்புகளை அமைதிப்படுத்த மாத்திரை கொடுப்பார்கள், வைட்டமின் பி1 ஊசி போடுவார்கள், பக்கத்தில் நர்ஸ் இருப்பார். லாக்கப்பில் 'போதை தெளியட்டும்' என்று ஒரு மூலையில் விட்டுவிட்டால்? நல்ல ஜெயிலில் டாக்டர் கவனித்துக்கொள்வார். எல்லா இடமும் அப்படி இல்லை. வீட்டு ரூமில் போட்டுப் பூட்டி, 'ஒரு வாரத்துல சரியாயிடும்' என்று நினைப்பதும் இதே ஆபத்துதான். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

ஜெயிலில் விட்டது வெளியே வந்ததும் ஏன் ஒட்டிக்கொள்கிறது?

சரி, நாலு நாள் தாண்டியாயிற்று. ஆறு மாசம் உள்ளே இருந்தார், ஒரு சொட்டுக்கூடக் குடிக்கவில்லை. உடம்பு தேறியிருக்கிறது. கற்பூரம் அணைத்துச் சத்தியமும் பண்ணிவிட்டார். அப்புறம் மூன்றாவது சாயங்காலமே பழைய கடை வாசலில் நிற்கிறாரே, ஏன்?

உடம்பு மதுவை விட்டுவிட்டது. மூளை மறக்கவில்லை, அவ்வளவுதான். சாயங்கால நேரம், ஒரு குறிப்பிட்ட தெரு முனை, ஒரு பழைய நண்பரின் குரல், சம்பள நாள் என்று ஒவ்வொன்றுக்கும் மூளைக்குள் குடியோடு முடிச்சுப் போட்டு வைத்திருக்கிறது. ஜெயிலுக்குள் அந்தத் தெரு முனையும் இல்லை, அந்த நண்பரும் இல்லை. ஆகவே அங்கே அந்த முடிச்சை அவிழ்த்துப் பழகச் சந்தர்ப்பமே இல்லை! குடியை விட்ட முதல் மூன்று மாதம்தான் வழுக்குப் பாறை. அந்த மூன்று மாதத்தை அவர் ஜெயிலிலேயே கழித்திருந்தாலும், வெளியே வந்த அன்று முதல் புதிதாக அதைக் கடந்தாக வேண்டும்.

இன்னொன்றும் இருக்கிறது. குடித்த பிறகு வண்டி எடுக்கலாமா, கூடாதா என்று முடிவு செய்வது யார்? குடித்த மூளை! 'நாம ஸ்டெடியாத்தான் இருக்கோம்' என்று அதுவே தனக்கு சர்டிபிகேட் கொடுத்துக்கொள்ளும். எனவே குடிநோயாளியிடம் போய் 'குடி, ஆனா ஓட்டாதே' என்று சொல்வது வீண். லைசென்ஸைப் பிடுங்கினாலும் லைசென்ஸ் இல்லாமலே ஓட்டுகிறவர்கள் அங்கேயும் உண்டு, இங்கேயும் உண்டு. சவுத் டகோட்டாக்காரர்கள் காரைக் காவல் காப்பதை விட்டுவிட்டுக் குடியையே காவல் காக்க ஆரம்பித்தது இதனால்தான்.

தண்டனை மட்டும் போதுமா என்பதற்கு அமெரிக்க கோர்ட் வரலாற்றில் ஒரு பிரபலமான வழக்கு இருக்கிறது. டெக்சஸ் மாநிலத்து ஆஸ்டின் நகரில் லெராய் பவல் என்று ஒருவர். பாரில் உட்கார்ந்து ஷூ பாலிஷ் போடுவார், வாரத்துக்கு 12 டாலர் சம்பாத்தியம். அதுவும் குடிக்கே போய்விடும். பொது இடத்தில் குடித்துக் கிடந்ததற்காக 1949-லிருந்து அவர் தண்டனை வாங்கிய தடவைகள் சுமார் நூறு! கார் ஓட்டியதற்காக அல்ல, வெறுமனே குடித்து வெளியே கிடந்ததற்காக. 'இது வியாதி, வியாதிக்குத் தண்டனை கொடுக்கலாமா?' என்று அவருடைய வக்கீல் வாதாடினார். 1968-ல் சுப்ரீம் கோர்ட்டில் ஐந்துக்கு நாலு என்ற கணக்கில் பவல் தோற்றார். தீர்ப்பு எழுதிய நீதிபதி தர்குட் மார்ஷல் ஒரு நியாயமான பயத்தையும் சொன்னார். ஒழுங்கான சிகிச்சை வசதி இல்லாத ஊரில், ஜெயிலின் ஒரு பகுதிக்கு ஆஸ்பத்திரி என்று போர்டு மாட்டிவிட்டு, கால வரையறையே இல்லாமல் ஆளைப் பூட்டி வைத்துவிடுவார்களே என்றார். அந்தப் பயத்தை நாமும் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்வோம்.

ஜட்ஜ் கேட்கிறார்: "பையன் பள்ளிக்கூடம் போறானா?"

ஃப்ளோரிடாவின் மயாமியில் 1989-ல், போதை மருந்து வழக்குகளுக்கென்று ஒரு தனி கோர்ட் தொடங்கினார்கள். அந்த மாதிரியில், குடித்துவிட்டுத் திரும்பத் திரும்ப ஓட்டுகிறவர்களுக்கென்றே முதல் தனி கோர்ட் நியூ மெக்சிகோ மாநிலத்தின் லாஸ் குரூசஸ் நகரில் 1995-ல் வந்தது. பிறகு பல மாநிலங்களுக்குப் பரவியது.

இந்த கோர்ட் நாம் சினிமாவில் பார்க்கிற கோர்ட் மாதிரி இல்லை. விசாரணைக்கு முன்னால் ஜட்ஜ், அரசு வக்கீல், எதிர்த்தரப்பு வக்கீல், கண்காணிப்பு அதிகாரி, சிகிச்சை தருகிற கவுன்சலர் எல்லோரும் ஒரே மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, 'இந்த ஆள் இந்த வாரம் எப்படி இருந்தார்?' என்று பேசுகிறார்கள். அப்புறம் அவரைக் கூப்பிடுகிறார்கள். ஆரம்பத்தில் வாரத்துக்கு ஒரு முறை, அல்லது இரண்டு வாரத்துக்கு ஒரு முறை ஜட்ஜ் முன்னால் நிற்க வேண்டும். வேலை கிடைத்ததா, கவுன்சலிங்குக்குப் போனாயா, பையன் ஒழுங்காகப் பள்ளிக்கூடம் போகிறானா என்றெல்லாம் ஜட்ஜே கேட்கிறார். நூறு நாள் குடிக்காமல் இருந்தவருக்கு கோர்ட் ஹாலே கைதட்டுவது உண்டு!

'அடடா, ஜாலியா இருக்கே' என்று நினைத்துவிடாதீர்கள். பொதுவாகக் குற்றத்தை ஒப்புக்கொண்ட பிறகுதான் இதில் சேர முடியும். ஜெயில் தண்டனை தலைக்கு மேல் கத்தி மாதிரி தொங்கிக்கொண்டே இருக்கும். ஒரு வருஷத்துக்குக் குறையாது, பலருக்கு ஒன்றரை வருஷத்துக்கும் மேலே இழுக்கும். ஆரம்பத்தில் வாரத்தில் பல நாள் கவுன்சலிங். எப்போது வேண்டுமானாலும் சிறுநீர் பரிசோதனை. மது ரத்தத்தை விட்டுப் போன பிறகும் அதன் ஒரு மிச்சம் சிறுநீரில் மூன்று நாள் வரை காட்டிக்கொடுத்துவிடும். சிலருடைய கணுக்காலில் ஒரு பட்டை மாட்டிவிடுகிறார்கள். வியர்வையோடு தோல் வழியாகக் கசிகிற மதுவை அது மோப்பம் பிடித்துச் சொல்லிவிடும். காருக்குள்ளும் ஒரு கருவி உண்டு. அதில் ஊதிச் 'சுத்தம்' என்றால்தான் என்ஜினே ஸ்டார்ட் ஆகும்!

இத்தனையும் தாண்டி ஒருவர் சறுக்கிவிட்டால்? நேராக வந்து 'சார், நேத்து குடிச்சிட்டேன்' என்று ஒப்புக்கொள்கிறவருக்குச் சிகிச்சையைக் கூட்டுகிறார்கள். மறைத்துப் பொய் சொன்னவருக்குத்தான் தண்டனை கடுமை: சமூக சேவை, ஒரு வார இறுதி ஜெயில் என்று படிப்படியாக ஏறும். எனக்குப் பிடித்த விஷயமே இதுதான். குடியைவிடப் பொய்தான் இந்த நோய்க்குப் பெரிய தீனி. 'இன்னைக்கு ஆபீஸ்ல மீட்டிங்' என்ற பொய்யில் ஆரம்பித்து எங்கெங்கோ போய் முடிந்த கதைகள் உங்களுக்குத் தெரியாததா?

மருந்துகளும் உண்டு. நால்ட்ரெக்ஸோன் என்ற மாத்திரை, குடித்தால் கிடைக்கிற அந்த 'கிக்'கைக் குறைத்துவிடுகிறது. குடிநோய்க்காக அமெரிக்காவில் 1994-ல் அனுமதி பெற்றது. அகாம்ப்ரோசேட் என்ற இன்னொன்று, நாம் மேலே பார்த்தோமே, அழுந்திக் கிடக்கிற ஆக்ஸிலேட்டர், அதைத் தணிக்க உதவுகிறது. கல்லீரல், சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று பார்த்துத்தான் டாக்டர் இரண்டில் எது என்று முடிவு செய்வார். மருந்துக்கடையில் நீங்களே கேட்டு வாங்குகிற சமாசாரம் இல்லை.

பலன் உண்டா?

உண்டு, ஆனால் மந்திரம் இல்லை. சவுத் டகோட்டா திட்டத்தை ராண்ட் என்ற ஆராய்ச்சி நிறுவனம் ஆராய்ந்து 2013-ல் வெளியிட்டது. 2005 முதல் 2010 வரை 17,000-க்கும் அதிகமானவர்கள் இதில் இருந்திருக்கிறார்கள். திட்டம் வந்த கவுண்டிகளில், மறுபடியும் குடித்துவிட்டு ஓட்டிக் கைதாவது 12 சதவிகிதம் குறைந்திருந்தது. ஆராய்ந்தவர்கள் கூடவே இன்னொன்றையும் எண்ணிப் பார்த்தார்கள்: வீட்டுக்குள் அடிதடி செய்து கைதாவது. அதுவும் 9 சதவிகிதம் குறைந்திருந்தது. இந்த இரண்டாவது எண்ணைக் கொஞ்சம் நின்று படியுங்கள். ரோட்டுக்காகப் போட்ட சட்டம், சமையலறையில் அடி வாங்கிக்கொண்டிருந்த பெண்களுக்கும் பயன்பட்டிருக்கிறது.

சிகிச்சையோடு சேர்ந்த கோர்ட்டுகள் எப்படி? போதை வழக்குகளுக்கான கோர்ட்டுகளைப் பற்றி நடந்த நிறைய ஆய்வுகளை ஒன்றாகத் தொகுத்து 2012-ல் கணக்குப் பார்த்தார்கள். சாதாரண வழியில் போனவர்களில் 50 சதவிகிதம் பேர் மறுபடி தப்புச் செய்தார்கள் என்றால், இந்த வழியில் வந்தவர்களில் 38 சதவிகிதம் பேர். குடித்து ஓட்டுகிறவர்களுக்கான கோர்ட்டுகளிலும் பலன் கிட்டத்தட்ட இதே மாதிரிதான் தெரிகிறது. ஆனால் அங்கே கறாரான ஆய்வுகள் குறைவு, அவையும் ஒரே குரலில் பேசவில்லை. நூற்றுக்கு நூறு என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

சவுத் டகோட்டாவில் காவல்தான் பிரதானம், சிகிச்சைக்கு எல்லோரையும் கட்டாயப்படுத்துவதில்லை. லாஸ் குரூசஸ் மாதிரி கோர்ட்டுகளில் காவலும் சிகிச்சையும் சேர்ந்தே வரும். முறிந்த காலுக்கு மாவுக்கட்டு போடுகிறோம் இல்லையா? கட்டு எலும்பை ஒட்ட வைப்பதில்லை, ஒட்டும் வரை அசையாமல் பிடித்துக்கொள்கிறது. காலை ஏழு மணி க்யூ அந்த மாவுக்கட்டு. லேசாகப் பிசகியவருக்குக் கட்டு மட்டும் போதும். எலும்பே நொறுங்கியவருக்கு உள்ளே வைத்தியமும் வேண்டும், வருஷக்கணக்கில்.

"செத்துப்போனவங்களுக்கு என்ன நியாயம்?"

இந்தக் கேள்வியைத் தாண்டிப் போகக் கூடாது. 1988 மே 14 இரவு. கென்டக்கி மாநிலத்தில் கரோல்ட்டன் என்ற ஊருக்குப் பக்கத்தில், பொழுதுபோக்குப் பூங்காவுக்குப் போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்த ஒரு சர்ச் பஸ் மீது, எதிர்த்திசையில் தவறாக வந்த பிக்கப் வண்டி ஒன்று மோதியது. பஸ் தீப்பிடித்து 27 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் குழந்தைகள். பிக்கப் ஓட்டியவரின் ரத்தத்தில் 100 மில்லிக்கு 240 மில்லிகிராம் மது. நம் நாட்டுச் சட்ட வரம்பைப் போல எட்டு மடங்கு! அவர்மேல் அதற்கு முன் 1984-லேயே குடித்து ஓட்டிய வழக்கு ஒன்று இருந்தது.

இப்படி உயிர்ப்பலி வாங்கியவருக்கு 'வா தம்பி, சிகிச்சை எடுத்துக்கோ' என்று யாரும் சொல்வதில்லை. பொதுவாக அந்த வழக்குகளுக்கு இந்த கோர்ட்டுகளின் கதவு திறப்பதில்லை, திறக்கவும் கூடாது. ஆனால் 1984-க்கும் 1988-க்கும் நடுவில் நாலு வருஷம் இருந்தது அல்லவா? இந்த கோர்ட்டுகள் கைவைப்பது அந்த நாலு வருஷத்தில்தான். அமெரிக்காவில் 2022-ல் மட்டும் குடித்து ஓட்டிய விபத்துகளில் 13,524 பேர் இறந்திருக்கிறார்கள். கைவைக்க வேண்டியது இன்னும் நிறைய இருக்கிறது.

நம் ஊர் சட்டத்தில்...

நமக்கு மோட்டார் வாகனச் சட்டம் 185-வது பிரிவு. 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் மது இருந்தால் குற்றம். (அமெரிக்காவில் பெரும்பாலான மாநிலங்களில் 80 மில்லிகிராம். இந்த விஷயத்தில் நாம்தான் கறார்!) 2019 திருத்தத்துக்குப் பிறகு முதல் தடவை 10,000 ரூபாய் அபராதம் அல்லது ஆறு மாசம் வரை ஜெயில், அல்லது இரண்டும். மறுபடி மாட்டினால் 15,000 ரூபாய், இரண்டு வருஷம் வரை ஜெயில். இந்தப் பிரிவில் 'சிகிச்சை' என்ற பேச்சே கிடையாது.

விசித்திரம் என்னவென்றால், கஞ்சா, ஹெராயின் போன்றவற்றுக்கான 1985-ம் வருஷத்துப் போதைப்பொருள் சட்டத்தில் அது இருக்கிறது! அதன் 39-வது பிரிவின்படி, சிறு அளவு வைத்திருந்து பிடிபட்டவர் போதைக்கு அடிமையானவர் என்றால், கோர்ட் அவரை ஜெயிலுக்கு அனுப்பாமல், அவர் சம்மதத்தோடு சிகிச்சைக்கு அனுப்பலாம். ஒரு வருஷத்துக்குள் முடிவை கோர்ட்டில் சொல்ல வேண்டும். மது அந்தச் சட்டத்துக்குள் வராததால் குடிநோயாளிக்கு அந்த வழி இல்லை. 1958-ம் வருஷத்து நன்னடத்தைச் சட்டத்தில் ஒரு சின்ன ஜன்னல் உண்டு. நன்னடத்தையில் விடும்போது 'போதைப் பொருள் தொடக் கூடாது' என்று கோர்ட் நிபந்தனை போடலாம். ஆனால் விபத்தில் உயிர் போன வழக்குகளில் டிரைவர்களுக்கு அந்தச் சலுகையைத் தாராளமாகக் கொடுக்கக் கூடாது என்று 2000-ல் நம் சுப்ரீம் கோர்ட் சொல்லியிருக்கிறது.

சிகிச்சை வசதியும் யோசிக்க வேண்டிய விஷயம். மத்திய அரசுக்காக எய்ம்ஸ் நடத்தி 2019-ல் வெளியான கணக்கெடுப்பின்படி, மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவர்தான் ஏதாவது சிகிச்சை பெற்றிருக்கிறார். மிச்சம் 37 பேர்? வீட்டில்தான் இருக்கிறார்கள். சிலர் ஸ்டியரிங்குக்குப் பின்னால்!

கோர்ட் செய்யாததை வீடு செய்ய முடியுமா?

முழுசாக முடியாது. ஆனால் அந்த கோர்ட்டுகளிடமிருந்து கடன் வாங்கிக்கொள்ளக்கூடிய புத்தி ஒன்று இருக்கிறது. பெரிய தண்டனை எப்போதோ வருவதைவிட, சின்னத் தண்டனை உடனே, தவறாமல் வருவது மேல். நம் வீடுகளில் நடப்பது நேர்மாறு. "இனிமே குடிச்சே... நான் அம்மா வீட்டுக்குப் போயிடுவேன்" என்று நூறு தடவை சொல்கிறோம், ஒரு தடவையும் போவதில்லை. போலீஸ் பிடித்தால் நாமே நகையை வைத்து அபராதத்தைக் கட்டுகிறோம். ஆபீஸுக்கு போன் போட்டு 'அவருக்கு வைரல் ஃபீவர்' என்கிறோம். பாசத்தில் செய்வதுதான். ஆனால் குடித்ததன் விளைவு அவர்மேல் விழாமல் குறுக்கே நின்று நாமே தாங்கிக்கொள்கிறோம்.

அதற்குப் பதில், அவர் நிதானமாக இருக்கிற ஒரு காலை நேரத்தில், கத்தாமல், "குடிச்சிட்டு வந்தா அன்னைக்கு வண்டிச் சாவி என்கிட்ட. அபராதம் வந்தா உங்க சம்பளத்துல. ஆபீஸுக்கு நான் பொய் சொல்ல மாட்டேன்" என்று சொல்லிப் பாருங்கள். சொன்னதை ஒவ்வொரு தடவையும் செய்யுங்கள். ஒரு எச்சரிக்கை: கை நீட்டுகிற மனிதராக இருந்தால், போதையில் இருக்கும்போது சாவிக்காக மல்லுக்கு நிற்காதீர்கள். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போய்விடுங்கள். வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டால் போலீஸுக்குச் சொல்லத் தயங்க வேண்டாம்.

இன்னொன்றைச் சொல்லாமல் விட முடியாது. 'குடிப்பவருக்குத் தெரியாமலே குடியை நிறுத்தலாம், சாப்பாட்டில் கலந்து கொடுங்கள்' என்று விளம்பரங்கள் வருகின்றன. அந்தப் பொடியில் என்ன இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது. டைசல்ஃபிரம் என்று 1940-களில் டென்மார்க்கில் கண்டறிந்த மருந்து ஒன்று உண்டு. அதைச் சாப்பிட்டவர் குடித்தால் முகம் சிவந்து, வாந்தி எடுத்து, நெஞ்சு படபடத்து, ரத்த அழுத்தம் சரியும். நிறுத்தி இரண்டு வாரம் வரைகூட அதன் வேகம் உடம்பில் இருக்கும். டாக்டர் சொல்லி, நோயாளி சம்மதித்துச் சாப்பிட்டால் நல்ல மருந்து. தெரியாமல் ரசத்தில் கலந்து கொடுத்தால், இதய நோய் இருப்பவருக்கு எமனாகவே ஆகிவிடலாம்.

சரி, எங்கே போவது? அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகளின் மனநலப் பிரிவில் கேளுங்கள். 14446 என்ற எண்ணில் மத்திய அரசின் இலவச போதை மீட்பு உதவி இருக்கிறது. சென்னையில் 1980-லிருந்தே இதற்கென்று நடக்கும் டி.டி.கே. மருத்துவமனையை உங்களில் பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். கணவரைக் குடிக்குப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன் தொடங்கியது அது. எந்த மையமாக இருந்தாலும் சேர்க்கும் முன் சில கேள்விகளைத் தைரியமாகக் கேளுங்கள். டாக்டர் இருக்கிறாரா? முதல் நாலு நாள் யார் பார்த்துக்கொள்வார்கள்? குடும்பத்தை உள்ளே விடுவார்களா? 2017-ம் வருஷத்து மனநலச் சட்டத்தின் கீழ் பதிவு செய்திருக்கிறார்களா? 'ஆளை விட்டுட்டுப் போங்க, மூணு மாசம் பார்க்கவே வராதீங்க' என்று சொல்லி, அடித்துத் திருத்துகிற இடங்களும் இருக்கின்றன. நீதிபதி மார்ஷல் பயந்தது இதற்குத்தான்.

அப்புறம், டிஸ்சார்ஜ் ஆகிற அன்று முடிந்துவிட்டதாக நினைக்க வேண்டாம். 90 நாளுக்குக் குறைவான சிகிச்சையால் பலன் குறைவு என்று அமெரிக்காவின் போதை ஆராய்ச்சி நிறுவனமே சொல்கிறது. அடுத்த ரிவ்யூ தேதியைக் கவுண்டரிலேயே கேட்டு வாங்கி, வீட்டுக்கு வந்ததும் காலண்டரில் பெரிதாக எழுதி வையுங்கள். அதற்குப் பக்கத்திலேயே அதற்கடுத்த தேதியையும் எழுத இடம் விடுங்கள். அந்தத் தேதிகளில் வீட்டில் யாராவது ஒருவர் லீவு போட்டாவது கூடப் போய்வாருங்கள். அவருடைய வண்டியில் அல்ல, பஸ்ஸில்.